சிறு சொற்களின் நெடும் பயணம்: ஸ்லாவிய மொழிகளில் முன்னிடைச்சொற்களின் தோற்றமும் வளர்ச்சியும்



'வீட்டில்' என்னும் ஒரு சொல்லை எடுத்துக்கொள்வோம். தமிழில் இடப்பொருளை உணர்த்துவது பெயரின் இறுதியில் வந்து சேரும் 'இல்' என்னும் உருபு. மலாய் மொழியில் இதனை 'டி ரூமா' என்பர். அங்கே பெயர் மாறுவதில்லை. அதன் முன் நிற்கும் 'டி' என்னும் சிறு சொல்லே இடப்பொருளைத் தருகின்றது. ஆங்கிலமும் ஏறத்தாழ அவ்வாறே. ரஷ்ய மொழியில் இதனை 'வ் தோமே' என்பர். 'தோம்' என்பது வீடு. அதன் முன்னே 'வ்' என்னும் சிறு சொல் நிற்கின்றது. இறுதியிலோ 'ஏ' என்னும் வேற்றுமை ஈறும் சேர்ந்திருக்கின்றது. ஒரே பொருளை உணர்த்த முன்னும் பின்னுமாக இரண்டு கருவிகள் ஏன்? ஒன்று போதாதா? இந்த வினாவே இன்றைய உரையின் தொடக்கம்.

இதற்கு எளிதாகச் சொல்லப்படும் விடை ஒன்று உண்டு. பழங்கால மொழிகளில் வேற்றுமை ஈறுகள் செழித்திருந்தன; பின்னர் அவை தேய்ந்தன; தேய்ந்த இடத்தை நிரப்ப முன்னிடைச்சொற்கள் பிறந்தன என்பதே அவ்விடை. ஆங்கிலத்தின் வரலாற்றை மட்டும் கற்றவர்களுக்கு இது பொருத்தமாகவே தோன்றும். ஆயினும் ஸ்லாவிய மொழிகளின் வரலாறு இவ்விடைக்கு உடன்படவில்லை. அங்கே வேற்றுமை ஈறுகள் முழு வலிமையோடு இருந்த காலத்திலேயே முன்னிடைச்சொற்களும் நிலைபெற்றுவிட்டன. அவை ஈறுகளுக்குத் துணையாக வந்தவை. பகையாக வந்தவை அல்ல. இக்கருத்தைச் சான்றுகளோடு விளக்குவதே என் நோக்கம். ஸ்லாவியச் சொற்களைத் தமிழ் எழுத்தில் தருவதால் அவற்றின் ஒலிப்பு ஓரளவே புலப்படும் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுகின்றேன்.

மொழிக்குடும்பமும் சான்றுகளும்

ஸ்லாவிய மொழிகள் இந்தோ-ஐரோப்பியப் பெருங்குடும்பத்தின் ஒரு கிளை. ரஷ்யம், உக்ரேனியம், பெலருசியம் ஆகியவை கிழக்குப் பிரிவு. போலிஷ், செக், சுலோவாக்கியம் முதலியவை மேற்குப் பிரிவு. பல்கேரியம், மாசிடோனியம், செர்பியம், குரோவேசியம், சுலோவேனியம் முதலியவை தெற்குப் பிரிவு. இவை அனைத்தும் மூல ஸ்லாவியம் என அறிஞர் அழைக்கும் ஒரே மொழியிலிருந்து பிரிந்தவை. மூல ஸ்லாவியம் எழுதப்பெற்ற மொழி அன்று. பிற்கால மொழிகளை ஒப்பிட்டு அதன் வடிவத்தை மீட்டெடுக்கின்றனர்.

எழுத்துச் சான்றுகளில் தொன்மையானது பழைய திருச்சபை ஸ்லாவியம். 863ஆம் ஆண்டில் மொராவியாவுக்கு அனுப்பப்பெற்ற கான்ஸ்டன்டைன், மெத்தோடியஸ் என்னும் உடன்பிறந்தோர் கிறித்தவ நூல்களை ஸ்லாவிய மொழியில் பெயர்த்தனர். அவ்வழி உருவான எழுத்து மொழியே இது. இன்னொரு சிறந்த சான்று நோவ்கொரத் நகரில் கிடைத்த பூர்ச்சமரப் பட்டை மடல்கள். முதல் மடல் 1951ஆம் ஆண்டு அகழாய்வில் கிடைத்தது. இன்றுவரை ஆயிரத்துக்கும் மேற்பட்டவை வெளிப்பட்டுள்ளன. 11ஆம் நூற்றாண்டு முதல் 15ஆம் நூற்றாண்டு வரை வணிகரும் குடும்பத்தாரும் எழுதிய அன்றாட மடல்கள் அவை. 'இன்னாரிடமிருந்து இன்னாருக்கு' என்று தொடங்குவது அம்மடல்களின் வழக்கம். 'ஓத்' என்னும் முன்னிடைச்சொல் அனுப்புநரையும், 'கு' என்னும் முன்னிடைச்சொல் பெறுநரையும் சுட்டும். ஆகவே இச்சிறு சொற்கள் அறிஞரின் ஏட்டில் மட்டுமன்றி எளிய மக்களின் கையெழுத்திலும் வேரூன்றியிருந்தன என்பது தெளிவு.

தனித்துத் திரிந்த சொற்கள்

இவை எங்கிருந்து வந்தன? மூல இந்தோ-ஐரோப்பிய மொழியில் இன்றைய பொருளில் முன்னிடைச்சொல் என்று ஒன்று இருந்ததாகத் தெரியவில்லை. உள்ளே, மேலே, முன்னே, அப்பால் எனத் திசையையும் இடத்தையும் சுட்டும் சிறு வினையடைகளே இருந்தன. அவை வாக்கியத்தில் கட்டுப்பாடின்றி இடம் மாறி நின்றன. வேதகால வடமொழியில் அந்நிலையை இன்றும் காணலாம். அங்கே இத்தகைய சொல் வினையை ஒட்டியும் வரும். வினையிலிருந்து விலகியும் நிற்கும். பெயருக்குப் பின்னும் அமரும்.

காலப்போக்கில் இச்சொற்கள் இரண்டு இடங்களில் நிலைகொண்டன. வினையோடு ஒட்டியவை முன்னொட்டுகள் ஆயின. பெயரோடு நெருங்கியவை முன்னிடைச்சொற்கள் ஆயின. ஸ்லாவிய மொழிகளில் இவ்விரு பிறவிகளும் அருகருகே வாழ்கின்றன. ரஷ்ய மொழியில் 'வீட்டை எட்டுதல்' என்பது 'தொய்தீ தோ தோமா'. 'வீட்டிலிருந்து விலகுதல்' என்பது 'ஓதொய்தீ ஓத் தோமா'. முதல் தொடரில் 'தோ' என்பது வினையின் தலையிலும் பெயரின் முன்னும் இருமுறை ஒலிக்கின்றது; இரண்டாம் தொடரில் 'ஓத்' அவ்வாறே இருமுறை வருகின்றது. புதிதாகப் பயில்வோருக்கு இது தேவையற்ற கூறியது கூறலாகத் தோன்றலாம். உண்மையில், ஒரே மூதாதைச் சொல்லின் இரு கிளைகள் ஒரே வாக்கியத்தில் சந்திக்கின்றன.

சில வேளைகளில் இவ்விரு கிளைகளும் பொருளால் வெகுதொலைவு பிரிந்துவிடும். 'உ' என்னும் முன்னொட்டு 'அப்பால்' என்று பொருள்படும். 'உய்தீ' என்றால் அகன்று செல்லுதல். அதே 'உ' முன்னிடைச்சொல்லாக வரும்போது 'அருகில், இடத்தில்' என்று பொருள் தரும். 'என்னிடம் புத்தகம் உண்டு' என்பதை ரஷ்யர் 'உ மென்யா யெஸ்த் க்னீகா' என்பர். ரஷ்ய மொழியில் உடைமையை உணர்த்தும் இயல்பான தொடர் இதுவே. தமிழ் மாணவர் இதனை எளிதில் விளங்கிக்கொள்வர். நாமும் உடைமையை 'இடம்' என்னும் இடப்பெயரால்தானே உணர்த்துகின்றோம்.

முன்னே நிற்பது ஸ்லாவியத்துக்கு விதி அன்று, பழக்கமே. 'உள்' என்னும் பொருளுடைய 'என்' என்ற பழஞ்சொல்லையே பாருங்கள். ஸ்லாவியத்தில் அது பெயருக்கு முன் நின்று, இன்றைய 'வ்' ஆயிற்று. ஸ்லாவியத்துக்கு மிக நெருங்கிய உறவுடைய லித்துவேனிய மொழியிலோ, அதே சொல் பெயருக்குப் பின் ஒட்டி, இடவேற்றுமை ஈறாகவே மாறிவிட்டது. 'வில்னியூஸ் நகரில்' என்பதற்கு லித்துவேனியர் 'வில்னியூயே' என்ற ஒரே சொல்லைப் பயன்படுத்துவர், முன்னிடைச்சொல் வேண்டியதில்லை. ஒரே சொல் ஒரு மொழியில் முன்னே நிற்கும் தனிச்சொல்லாகவும், இன்னொரு மொழியில் பின்னே ஒட்டும் உருபாகவும் ஆகியிருக்கின்றது. உருபும் முன்னிடைச்சொல்லும் வேறு வேறு இனம் என்று எண்ணுவோர் இந்தச் சான்றை நினைவிற்கொள்ள வேண்டும்.

ஈறு மட்டுமே போதுமாயிருந்த காலம்

பழைய ரஷ்ய வழக்கில், முன்னிடைச்சொல் இன்றியே இடவேற்றுமை வழங்கிய இடங்கள் பல. 'கீவ் நகரில்' என்பதை ஊர்ப்பெயரோடு இடவேற்றுமை ஈற்றைச் சேர்த்து 'கியெவே' என்றே எழுதினர். 'நோவ்கொரதில்', 'அதே ஆண்டில்' என்னும் தொடர்களும் பழைய வரலாற்றேடுகளில் இவ்வாறே வருகின்றன. ஆயினும் பொதுப்பெயர்களுக்கு முன்னிடைச்சொல் அக்காலத்திலேயே வழக்காகியிருந்தது. அதாவது, பழைய முறையும் புதிய முறையும் ஒரே ஏட்டில் அருகருகே நின்றன.

காலம் செல்லச் செல்லத் தனித்து நின்ற இடவேற்றுமை மறைந்தது. இன்று ரஷ்ய மொழியில் அவ்வேற்றுமை முன்னிடைச்சொல் இன்றி வருவதே இல்லை. 1619ஆம் ஆண்டில் இலக்கணம் எழுதிய மெலேத்தி ஸ்மொத்ரித்ஸ்கி அதனை வேறொரு பெயரால் அழைத்தார். 18ஆம் நூற்றாண்டின் நடுவில் ரஷ்ய இலக்கணம் வகுத்த லொமொனோசொவ் அதற்கு 'முன்னிடைச்சொல் வேற்றுமை' என்னும் பொருள்படப் பெயரிட்டார். அப்பெயரே இன்றும் பள்ளிகளில் வழங்குகின்றது. துணையாக வந்த சொல், தான் துணைசெய்த வேற்றுமைக்கே தன் பெயரைத் தந்துவிட்டது.

ஆனால் ஈறு வேலையிழந்துவிட்டதா? இல்லை. 'வ் தோமே' என்றால் வீட்டினுள் இருத்தல். 'வ் தோம்' என்றால் வீட்டினுள் புகுதல். 'நா ஸ்தோலே' என்றால் மேசையின்மேல் இருத்தல். 'நா ஸ்தோல்' என்றால் மேசையின்மேல் வைத்தல். முன்னிடைச்சொல் மாறவில்லை, வேற்றுமைதான் மாறுகின்றது. 'உள்', 'மேல்' என்னும் இடத்தின் தன்மையை முன்னிடைச்சொல் சொல்கின்றது. இருப்பா, இயக்கமா என்பதை ஈறு சொல்கின்றது. நாம் தொடக்கத்தில் கேட்ட வினாவுக்கு விடை இதுவே. இரண்டு கருவிகளும் ஒரே வேலையைச் செய்யவில்லை; வேலையைப் பகிர்ந்துகொண்டன.

போலிஷ் மொழியிலிருந்து இன்னொரு சான்று தரலாம். பழங்காலத்தில் 'உடன்' என்று பொருள்பட்ட 'ஸு' என்பதும், 'வெளியே, இருந்து' என்று பொருள்பட்ட 'இஸ்' என்பதும் வேறு வேறு சொற்கள். ஒலித்தேய்வால் போலிஷ் மொழியில் இரண்டும் ஒரே மெய்யொலியாய்ச் சுருங்கிவிட்டன. ஆயினும் குழப்பம் நேரவில்லை. அம்மெய்யின் பின் கருவி வேற்றுமை வந்தால் 'சகோதரனுடன்' என்றும், உடைமை வேற்றுமை வந்தால் 'வீட்டிலிருந்து' என்றும் கேட்போர் பொருள்கொள்வர். முன்னிடைச்சொற்கள் ஒன்றில் ஒன்று கலந்தபோது அவற்றை வேறுபடுத்திக் காத்தது வேற்றுமை ஈறு.

ஓர் 'ன்' ஒலியின் கதை

ரஷ்ய மொழி பயிலும் மாணவர் எவரும் ஒரு வினாவை எழுப்பாமல் இருப்பதில்லை. 'அவனுக்கு' என்பது 'யெமு'. 'அவனை நோக்கி' என்பது 'க் நெமு'. இடையில் இந்த 'ந்' ஒலி எங்கிருந்து வந்தது? விதியாக மனப்பாடம் செய்யச் சொல்வது ஒரு வழி. வரலாற்றைச் சொல்வது இன்னொரு வழி.

மூல ஸ்லாவியத்தில் 'உள்', 'உடன்', 'நோக்கி' என்னும் பொருளுடைய மூன்று முன்னிடைச்சொற்கள் 'வுன்', 'ஸுன்', 'குன்' என னகர மெய்யில் முடிந்தன. பின்னர் ஒவ்வோர் அசையும் உயிரில் முடிய வேண்டும் என்னும் ஒலிப்போக்கு அம்மொழியில் வலுப்பெற்றது. ஆகவே இறுதி 'ன்' விழுந்தது. 'வு', 'ஸு', 'கு' எஞ்சின. ஆனால் அடுத்து வந்த சொல் 'யெமு' போன்ற பதிலிப்பெயராயின், 'ன்' விழவில்லை. அச்சொல்லோடு ஒட்டிக்கொண்டு உயிர்தப்பியது. கேட்ட மக்கள் அதனை முன்னிடைச்சொல்லின் இறுதியாகக் கருதாமல், பதிலிப்பெயரின் முதலாகக் கருதினர். அதன்பின் ஒருகாலத்திலும் னகரம் இல்லாதிருந்த 'உ', 'ஓத்', 'ஸா' போன்ற முன்னிடைச்சொற்களுக்குப் பின்னும் அது பரவியது. ஆகவே 'அவனிடம்' என்பது 'உ நெவோ' ஆயிற்று.

இச்சிறு ஒலி நமக்கு ஒரு காலக்கணிப்புக் கருவியாகவும் பயன்படுகின்றது. பிற்காலத்தில் பிறந்த 'பிளகொதார்யா', 'வொப்ரெகீ', 'ஸொக்லாஸ்னொ' போன்ற முன்னிடைச்சொற்களுக்குப் பின் 'யெமு' என்றே வரும். 'நெமு' என வராது. ஒரு முன்னிடைச்சொல் பழைமையானதா, புதியதா என்று ஐயம் எழுந்தால், அதன்பின் 'அவன்' என்னும் சொல்லை வைத்துப் பார்த்தால் பெரும்பாலும் விடை கிடைத்துவிடும்.

அந்த 'ன்' ஒலி வேறோர் இடத்திலும் ஒளிந்திருக்கின்றது. ஒரு கருத்தை மனத்தில் பதியவைத்தல் என்பதற்கு ரஷ்ய மொழியில் 'வ்னுஷீத்' என்பர். 'உஷி' என்பது காதுகள். 'வுன்' என்னும் பழைய வடிவத்தோடு காதைச் சேர்த்தால், 'காதினுள் இடுதல்' என்று பொருள். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் தனிச்சொல்லில் விழுந்துவிட்ட னகரம் இவ்வினையின் நடுவே இன்றும் ஒலிக்கின்றது.

மறைந்த உயிர்கள் விட்டுச்சென்ற தடம்

மூல ஸ்லாவியத்தில் மிகக் குறுகி ஒலித்த இரண்டு உயிர்கள் இருந்தன. கிழக்கு ஸ்லாவியத்தில் பெரும்பாலும் 12, 13ஆம் நூற்றாண்டுகளில் அவை சில இடங்களில் முற்றிலும் மறைந்தன. வேறு சில இடங்களில் முழு உயிராக வளர்ந்தன. சொல்லின் இறுதியிலிருந்து பின்னோக்கி எண்ணினால், இத்தகைய குறுகிய உயிர்களில் முதலாவது மறையும், இரண்டாவது நிலைக்கும், மூன்றாவது மறையும். இந்த ஒழுங்கைச் செக் அறிஞர் அந்தொனின் ஹாவ்லிக் 1889ஆம் ஆண்டில் விளக்கினார்.

இம்மாற்றத்தால் 'வு', 'ஸு', 'கு' என்னும் முன்னிடைச்சொற்கள் 'வ்', 'ஸ்', 'க்' என்னும் ஒற்றை மெய்களாயின. தனித்து ஒலிக்க இயலாத அவை அடுத்த சொல்லைப் பற்றிக்கொண்டே வாழ்கின்றன. ஆயினும் சில இடங்களில் 'வோ', 'ஸோ', 'கோ' என உயிர் மீண்டும் தோன்றும். ஏன் என்பதை 'ஸோன்' என்னும் சொல்லால் விளக்கலாம். அதன் பொருள் உறக்கம், கனவு. 'உறக்கத்தை நோக்கி' என்பது 'வ் ஸோன்'. 'கனவில்' என்பது 'வோ ஸ்னே'. முதல் தொடரில் பெயரின் உயிர் நிலைத்தது. ஆகவே முன்னிடைச்சொல்லின் உயிர் மறைந்தது. இரண்டாம் தொடரில் பெயரின் உயிர் மறைந்தது. ஆகவே முன்னிடைச்சொல்லின் உயிர் நிலைத்தது. மாணவருக்கு விதிவிலக்காகத் தோன்றுவது, வரலாற்றை அறிந்தவருக்கு ஓர் ஒழுங்கின் இரு பக்கங்களாகத் தெரிகின்றது.

பெயரிலிருந்து பிறந்தவை

இதுவரை பார்த்தவை தொன்மையானவை. மொழி அவற்றோடு நின்றுவிடவில்லை; பெயர்ச்சொற்களிலிருந்து புதிய முன்னிடைச்சொற்களை உருவாக்கிக்கொண்டே இருந்தது.

'தவிர' என்று பொருள்படும் 'க்ரோமே' என்பதைப் பாருங்கள். விளிம்பு என்னும் பொருளுடைய 'க்ரொமா' என்ற பெயரின் இடவேற்றுமை வடிவம் அது. 'விளிம்பில்' இருப்பது ஒதுங்கியிருப்பது, ஒதுங்கியிருப்பது கணக்கில் சேராதது, ஆகவே 'தவிர'. முன்னர்க் கூறிய தனித்த இடவேற்றுமை வழக்கொழிந்த பின்னும் இச்சொல்லினுள் உயிரோடிருக்கின்றது.

'இடையே' என்று பொருள்படும் 'மெஜ்து' இன்னும் சுவையானது. 'மெஜா' என்றால் வயலின் எல்லை வரப்பு. பழைய ஸ்லாவியத்தில் ஒருமை, பன்மையோடு இருமை என்னும் எண்ணும் இருந்தது. 'இரு எல்லைகளில்' என்னும் இருமை வடிவமே 'மெஜ்து' ஆயிற்று. ரஷ்ய இலக்கணத்திலிருந்து இருமை நீங்கிப் பல நூற்றாண்டுகள் ஆகின்றன. இச்சொல்லை உச்சரிக்கும் ஒவ்வொருவரும் அறியாமலேயே அதனை உச்சரிக்கின்றனர்.

'அருகில், ஏறத்தாழ' என்னும் 'ஓகொலொ' என்பதில் 'கொலொ' என்னும் வட்டம் இருக்கின்றது. வட்டமிட்டுச் சூழ்ந்திருப்பது அருகில் இருப்பதாயிற்று. 'பதிலாக' என்னும் 'வ்மெஸ்தொ' என்பதில் 'மெஸ்தொ' என்னும் இடம் இருக்கின்றது. போலிஷ் மொழியில் அதே பொருளுடைய 'ஸாமியாஸ்த்' என்பதிலும் அதே பெயர் இருக்கின்றது. ஆனால் இன்றைய போலிஷ் மொழியில் அப்பெயர் தனித்து வந்தால் 'நகரம்' என்று பொருள். பெயர் தன் பழைய பொருளை விட்டுவிட்டது; முன்னிடைச்சொல் அதைக் காத்து வைத்திருக்கின்றது.

பெயருக்குப் பின் நின்ற சொற்களும் இருந்தன. 'பொருட்டு' என்னும் பொருளுடைய 'ராதி', 'தேல்யா' என்னும் இரண்டும் பழைய திருச்சபை ஸ்லாவியத்தில் பெரும்பாலும் பெயருக்குப் பின்னரே வந்தன. 'தேல்யா' பின்னர் 'த்ல்யா' எனக் குறுகிப் பெயருக்கு முன்னே வந்து அமர்ந்தது. 'ராதி' மட்டும் சில மரபுத் தொடர்களில் இன்றும் பெயருக்குப் பின் நிற்கின்றது. 'கடவுளின் பொருட்டு' என்பதை ரஷ்யர் 'போகா ராதி' என்பர். பெரும்பான்மையின் வழக்கு சிறுபான்மையைத் தன் வரிசைக்கு இழுத்துக்கொள்வது மொழியில் இயல்பு.

ஸ்லாவிய மொழிகளுக்குரிய இன்னொரு சிறப்பு, இரு முன்னிடைச்சொற்களின் கூட்டு. 'இஸ்' என்றால் வெளியே. 'போத்' என்றால் கீழே. இரண்டும் சேர்ந்து 'இஸ்-போத்' ஆகி 'அடியிலிருந்து' என்று பொருள் தரும். செர்பிய மொழியிலும் போலிஷ் மொழியிலும் இத்தகைய கூட்டுகள் ஒரே சொல்லாகவே இறுகிவிட்டன.

வினையிலிருந்து பிறந்தவை

அண்மைக் காலத்தில் வினையெச்சங்களும் இவ்வரிசையில் சேர்ந்துள்ளன. 'பிளகொதார்யா' என்பது 'நன்றி கூறி' என்னும் எச்சம். இன்று அது 'ஒன்றன் உதவியால், அதன் காரணமாக' என்று பொருள் தரும். அது வினையை விட்டு முற்றிலும் பிரிந்துவிட்டது என்பதற்குச் சான்று உண்டு. 'நண்பனுக்கு நன்றி கூறு' என்னும்போது அவ்வினை நண்பனைச் செயப்படுபொருள் வேற்றுமையில் ஏற்கும். 'நண்பனின் உதவியால்' என்னும்போது அதே எச்ச வடிவம் நண்பனை நான்காம் வேற்றுமையில் ஏற்கும். ஆயினும் பழைய பொருளின் நிழல் நீங்கவில்லை. தீமையைக் குறிக்கும் இடத்தில் இச்சொல்லைப் பயன்படுத்தலாகாது என்று ரஷ்ய ஆசிரியர்கள் மாணவரைத் திருத்துவர். தீவிபத்துக்கு யார் நன்றி கூறுவர்? அத்தகைய இடத்தில் 'இஸ்-ஸா' என்பதே பொருந்தும்.

'நெஸ்மொத்ர்யா நா' என்பது 'பார்க்காமல்' என்னும் எதிர்மறை எச்சம். இன்று அது 'இருந்தபோதிலும்' என்னும் முன்னிடைச்சொல். உண்மையிலேயே கண்ணால் பார்க்காமல் இருத்தலைக் குறித்தால் எதிர்மறையைப் பிரித்து எழுத வேண்டும். முன்னிடைச்சொல்லானால் சேர்த்து எழுத வேண்டும். 'ஒரு மணி நேரத்தில்' என்பதற்கும் 'ஆற்றின் ஓட்டத்தில்' என்பதற்கும் ஏறத்தாழ ஒரே தொடர் வரும். இறுதி எழுத்து மட்டும் வேறுபடும். தேர்வுகளில் ரஷ்ய மாணவர் தடுமாறும் இடங்கள் இவை. பெயரும் வினையும் முன்னிடைச்சொல்லாக மாறிக்கொண்டிருக்கும் பாதையில் எந்தப் புள்ளியில் நிற்கின்றன என்பதை எழுத்துமுறை குறித்துவைக்க முயல்கின்றது. தடுமாற்றத்தின் காரணம் அதுவே.

ஈறுகள் மறைந்த பல்கேரியம்

இனி, தொடக்கத்தில் கூறிய பொதுக்கருத்தை நேரடியாகச் சோதிக்கலாம். ஸ்லாவிய மொழிகளில் பல்கேரியமும் மாசிடோனியமும் மட்டுமே பெயர்களின் வேற்றுமை ஈறுகளை ஏறக்குறைய முழுமையாக இழந்தன. 12 முதல் 14ஆம் நூற்றாண்டு வரையிலான மத்தியப் பல்கேரிய ஏடுகளில் வேற்றுமை வடிவங்கள் தடுமாறுவதைக் காணலாம். ஒலிமாற்றங்களால் பல ஈறுகள் ஒன்றுபோல் ஒலிக்கலாயின. கிரேக்கம், அல்பேனியம், ருமேனியம் முதலிய அண்டை மொழிகளோடு நெடுங்காலம் கலந்து வாழ்ந்ததும் அம்மாற்றத்தை ஊக்கியது.

அப்போது புதிய முன்னிடைச்சொற்கள் பிறந்தனவா? பெரும்பாலும் இல்லை. ஏற்கெனவே இருந்த 'நா', 'ஓத்', 'ஸ்' என்பவையே கூடுதல் சுமையை ஏற்றன. 'மேல்' என்று பொருள்பட்ட 'நா' இன்று உடைமையையும் கொடையையும் உணர்த்துகின்றது. 'இவானின் புத்தகம்' என்பது 'க்னிகாதா நா இவான்'. 'இவானுக்குக் கொடுக்கின்றேன்' என்பது 'தாவாம் நா இவான்'. பதிலிப்பெயர்களில் மட்டும் பழைய வேற்றுமை வடிவங்கள் சில எஞ்சியுள்ளன.

காலவரிசையை நோக்குங்கள். பழைய திருச்சபை ஸ்லாவியம் பல்கேரியத்தின் மூதாதை மொழியோடு நெருங்கிய தெற்கு ஸ்லாவியமே. அதில் விளி உட்பட ஏழு வேற்றுமைகளும் முழுமையாக இருந்தன. முன்னிடைச்சொற்களும் முழுமையாக இருந்தன. ஈறுகள் வீழ்ந்தது அதற்குச் சில நூற்றாண்டுகள் கழித்து. ஆகவே ஈறுகளின் வீழ்ச்சியால் முன்னிடைச்சொற்கள் தோன்றவில்லை. முன்னிடைச்சொற்கள் ஆயத்தமாக இருந்ததனாலேயே ஈறுகள் வீழ்ந்தபோதும் மொழி தளரவில்லை. மறுபுறம், ரஷ்யமும் போலிஷும் அதே முன்னிடைச்சொற்களை வைத்துக்கொண்டே ஈறுகளையும் இன்றுவரை காத்து வருகின்றன. எனவே முன்னிடைச்சொல் பெருகினால் வேற்றுமை அழியும் என்பதும் கட்டாயமன்று.

இன்றும் முடியாத வழக்கு

இச்சொற்களின் வரலாறு ஏட்டோடு முடிந்துவிடவில்லை. ரஷ்ய மொழியில் நாட்டின் பெயரோடு பொதுவாக 'வ்' வரும். 'நா' என்பது பெரும்பாலும் தீவுகளோடும் நிலப்பகுதிகளோடும் வரும். உக்ரேனின் பெயரோடு நெடுங்காலம் 'நா' வழங்கியது. 1991ஆம் ஆண்டில் உக்ரேன் விடுதலை பெற்ற பின், 'நாங்கள் நிலப்பகுதி அல்லோம், நாடு' என்று உணர்த்தும் வகையில் 'வ்' என்பதையே உக்ரேனியர் வலியுறுத்துகின்றனர். போலிஷ் மொழியிலும் இதே சிக்கல் உண்டு. அங்கே உக்ரேனோடு மட்டுமன்றி லித்துவேனியா, ஹங்கேரி போன்ற நெடுநாளைய அண்டை நாடுகளோடும் 'நா' வழங்குகின்றது. ஆகவே பழைய வழக்கில் இகழ்ச்சி இருந்ததாகக் கொள்ள இயலாது. ஆயினும் 2022ஆம் ஆண்டில் போலந்தின் மொழி மன்றம், உக்ரேனோடு 'வ்' என்னும் வடிவத்தைப் பரவலாகப் பயன்படுத்துமாறு பரிந்துரைத்தது. பழைய வடிவத்தைப் பிழை என்று விலக்கவில்லை.

ஒரு மொழி மன்றம் ஒற்றை மெய்யொலியைக் குறித்துக் கருத்துரைக்க வேண்டியிருந்தது என்பதை எண்ணிப் பாருங்கள். வழக்கின் வரலாற்றையும் அவ்வழக்கால் சுட்டப்படுவோரின் உணர்வையும் அம்மன்றம் ஒருசேர மதித்தது. இலக்கணம் மக்களின் மதிப்போடு தொடர்புடையது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும்

ஸ்லாவிய மொழிகளின் இந்த வரலாறு நமக்கு அயலானது அன்று. 'கொண்டு', 'பற்றி', 'குறித்து', 'இருந்து' ஆகியவை வினையிலிருந்து பிறந்த சொல்லுருபுகள். 'மேல்', 'கீழ்', 'இடை' என்பவை பெயர்த்தன்மையுடையவை. 'பொருட்படுத்தாமல்' என்று நாம் சொல்லும்போது, ரஷ்யர் 'நெஸ்மொத்ர்யா நா' என்னும்போது நடந்த அதே மாற்றம் நம் மொழியிலும் நடந்துகொண்டிருக்கின்றது. அவர்கள் முன்னே வைத்தனர், நாம் பின்னே வைத்தோம், வழி ஒன்றே.

ஆகவே ஆசிரியப் பெருமக்களிடம் என் வேண்டுகோள் இரண்டு. முதலாவது, இச்சிறு சொற்களை வெறும் பட்டியலாக மனப்பாடம் செய்விக்க வேண்டா. ஒவ்வொன்றும் ஒரு காலத்தில் முழுச்சொல்லாய் இருந்தது என்பதை ஓரிரு எடுத்துக்காட்டுகளால் காட்டினால், மாணவர் எஞ்சியவற்றைத் தாமே தேடத் தொடங்குவர். இரண்டாவது, புதிய வடிவம் ஒன்றைக் காணும்போது உடனே மொழி சிதைந்தது என்று வருந்த வேண்டா. ரஷ்ய மொழியில் 'ஆணையின்படி' என்பதற்கு 'ஸொக்லாஸ்னொ' என்னும் சொல்லின் பின் நான்காம் வேற்றுமை வருவதே முறை; அலுவலக எழுத்தில் ஆறாம் வேற்றுமையும் புகுந்துவிட்டது. ஆசிரியர்கள் அதனைத் திருத்துகின்றனர்; திருத்தவும் வேண்டும். ஏனெனில் ஒரு காலத்தின் பொதுவழக்கைக் கற்பிப்பது பள்ளியின் கடமை. ஆனால் ஏன் அவ்வாறு பிழை நேர்கின்றது என்பதை அறிந்து திருத்துவது வேறு. அறியாமல் சிவப்பு மையால் கோடிடுவது வேறு. முதலாவது மாணவனுக்கு மொழியைக் கொடுக்கும். இரண்டாவது அச்சத்தை மட்டுமே கொடுக்கும்.

மாணவச் செல்வங்களே, நீங்கள் அன்றாடம் தமிழ், மலாய், ஆங்கிலம், சீனம் எனப் பல மொழிகளைக் கேட்டு வாழ்கின்றீர்கள். ஒரே இடப்பொருளை ஒரு மொழி முன்னே சொல்லும்; ஒரு மொழி பின்னே சொல்லும்; ஸ்லாவிய மொழிகள் பல இருபுறமும் சொல்லும். இவற்றுள் ஒன்று உயர்ந்தது, மற்றொன்று தாழ்ந்தது என்பதில்லை. அடுத்த முறை 'வீட்டில்' என்று எழுதும்போது, அந்தச் சிறு உருபும் எங்கிருந்தோ வந்தது என்னும் எண்ணம் உங்களுக்குள் எழுமாயின், இவ்வுரையின் பயன் நிறைவேறியதாகக் கொள்வேன்.